நீல அட்டையும் சிவப்பு அட்டையும்

மூன்று வாரங்களாக எங்கள் வீட்டு உணவு மேசையின் ஓரத்தில் ஒரு காகிதக் கட்டு கிடக்கிறது. என் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், தாதிமைப் பட்டயச் சான்றிதழ், பிள்ளைகள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், மலாயில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புகள் ஆகியவை அதில் இருக்கின்றன. சிங்கப்பூர் நிரந்தரவாசத் தகுதிக்கு விண்ணப்பிக்கத் தேவையான எல்லாம் சேர்ந்துவிட்டன. சேராமல் இருந்தது முடிவு மட்டும்தான். அதை எட்டுவதற்கு நாங்கள் போட்ட கணக்குகளை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனெனில் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மலேசிய நகரான ஜோகூர் பாருவில் என்னைப் போன்ற குடும்பங்கள் பல இதே மேசையில், இதே காகிதங்களோடு உட்கார்ந்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.

நான் தாதி. 2014 முதல் சிங்கப்பூரின் ஒரு மருத்துவமனையில் நடுத்தரத் திறன் வெளிநாட்டு ஊழியர்களுக்கான எஸ் பாஸ் அனுமதியில் வேலை செய்கிறேன், வீடு ஜோகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயில். என் கணவர் இங்குள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். மகனுக்குப் பத்து வயது, தந்தையின் பள்ளியிலேயே நான்காம் ஆண்டு படிக்கிறான். மகளுக்கு ஆறு வயது. என் அம்மா எங்களுடன் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் இந்தப் பதினொரு ஆண்டுகளில் ஒரு நாளைக்கூட நான் சிங்கப்பூரில் வேலை செய்திருக்க முடியாது.

காலை ஏழு மணிப் பணிக்கு நான் மூன்றே முக்காலுக்கு எழ வேண்டும். நான்கரைக்குள் கணவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஜேபி சென்ட்ரல் நிலையத்தில் இறக்கிவிட்டு, பிள்ளைகள் விழிப்பதற்குள் வீடு திரும்பிவிடுவார். அங்கிருந்து குடிநுழைவுக் கட்டடத்துக்கு நடை, நம் பக்கச் சோதனை, பிறகு படியிறங்கி 950 அல்லது 170-ஆம் எண் பேருந்து, இரு நாட்டையும் இணைக்கும் கடற்பாலம், சிங்கப்பூர்ப் பக்க உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் மறுபடி இறங்கிச் சோதனை, மறுபடி வரிசை, மறுபடி பேருந்து, அதன்பின் எம்ஆர்டி ரயில். 2024 முதல் உட்லண்ட்ஸ் பக்கத்தில் கடவுச்சீட்டுக்குப் பதிலாகக் க்யூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கும் வழி வந்தது. அதனால் மிச்சமான நிமிடங்களைப் பெரும்பாலும் கூட்டமே விழுங்கிவிட்டது. மாலையில் பாலத்தின் நடுவில் பேருந்து அசையாமல் நின்றுவிட்டால் ஓட்டுநர் கதவைத் திறந்துவிடுவார். அந்தப் பெரிய தண்ணீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில், கடல் வற்றிய சேற்று வாடையில், கையில் காலணிப் பையோடு நடந்து ஊர் திரும்புகிறவர்களில் நானும் ஒருத்தி. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தப் பாலத்தின் நீளம் என் முழங்காலுக்குத் துல்லியமாகத் தெரியும்.

1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் ஒரு காலத்தில் கடவுச்சீட்டே கிடையாது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. 1967-இல்தான் இரு பக்கமும் குடிநுழைவுச் சோதனை வந்தது. 1973 மே மாதம் வரை இரு நாட்டு வெள்ளியும் (டாலரும்) ஒன்றுக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இரண்டரை ரிங்கிட்டுக்குச் சற்று மேல் கிடைத்தது. 2025-இல் மூன்றேகால் அளவில் நின்றது. இந்த ஓர் எண்தான் ஜோகூர் பாருவில் வீடு வாங்குகிறது, கல்யாணம் செய்து வைக்கிறது, பெற்றோரைப் பிள்ளைகளிடமிருந்து நாளுக்குப் பதினாறு மணி நேரம் பிரித்தும் வைக்கிறது.

இந்த எண்ணைப் பற்றித்தான் பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரில் சம்பாதித்து ஜோகூரில் செலவழிக்கும் வரைதான் அது நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. குடும்பத்தோடு பாலத்தைத் தாண்டிய மறுநாளே அந்த மூன்றேகால் மறைந்துவிடும், அல்லது நமக்கு எதிராகத் திரும்பிவிடும். என் சம்பளம் 3,900 வெள்ளி. இங்கே அது ஏறத்தாழ 12,700 ரிங்கிட். என் கணவரின் சம்பளம் 5,200 ரிங்கிட். அங்கே அது 1,600 வெள்ளி. ஒரே சமையலறையில் நிற்கும் இருவரில் ஒருவர் செல்வந்தராகவும் மற்றவர் ஏழையாகவும் தெரிவது, எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்ததே.

ஒரு சனிக்கிழமை இரவு இதை மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தோம். நிரந்தரவாசியானால் மத்திய சேமநிதிக்குச் சந்தா கட்ட வேண்டும். முதல் ஆண்டில் என் சம்பளத்தில் 5 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 15, மூன்றாம் ஆண்டிலிருந்து 20 விழுக்காடு பிடிப்பார்கள். முதலாளியின் பங்கு 4, 9, 17 என ஏறும். மூன்றாம் ஆண்டில் என் கைக்கு வருவது 3,120 வெள்ளி. உட்லண்ட்ஸில் நாங்கள் போய்ப் பார்த்த மூவறை வீட்டுக்கு மாத வாடகை 2,600 கேட்டார்கள். எஞ்சுவது 520. நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிக் கட்டணமே ஆளுக்கு மாதம் இருநூறு வெள்ளிக்கு மேல். இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டிவிட்டால் ஐந்து பேர் சாப்பிடுவதற்கு நூறு வெள்ளிகூட நம்பகமாக மிஞ்சாது. அந்த இடத்தில் கணவர் பேனாவை வைத்துவிட்டு, "என் சம்பளத்தை எங்கே எழுதுவது?" என்று கேட்டார். எழுத இடமில்லை, ஏனெனில் அவர் அங்கே வந்தால் அந்தச் சம்பளம் இருக்காது.

அவர் ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியர். பணியை விட்டால் ஓய்வூதியக் கணக்கு பதினாறு ஆண்டுச் சேவையோடு நின்றுவிடும். சிங்கப்பூரில் தமிழ் ஆசிரியர்களுக்குத் தேவை இருக்கிறது, துணைப்பாட நிலையங்களும் இருக்கின்றன என்று தோழிகள் சொல்கிறார்கள். ஆனால் நாற்பத்திரண்டு வயதில் ஒருவர் தன் வகுப்பறையையும் பதவியையும் உதறிவிட்டு, மனைவியின் பெயரில் வந்த அட்டையை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் துணைப்பாடம் நடத்தப் போவதை நான் "வாய்ப்பு" என்று எழுதத் தயாராக இல்லை. அவர் மறுக்கவில்லை, "நீ சொன்னால் வருகிறேன்" என்றார். அதுதான் எனக்கு அதிகப் பாரமாக இருந்தது.

வாடகை கட்டுவதற்குப் பதிலாக வாங்கிவிடலாமே என்று சொல்வோருக்கும் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். நிரந்தரவாசத் தம்பதியர் அந்தத் தகுதியைப் பெற்று மூன்று ஆண்டுகள் ஆன பிறகே வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்க முடியும். வாங்குவதென்றால், வெளிநாட்டில் உள்ள சொந்த வீட்டையும் விற்றுவிட வேண்டும். அதாவது, இன்னும் பதினான்கு ஆண்டுக் கடன் பாக்கியிருக்கும், அம்மா வாசலில் கருவேப்பிலைக் கன்று வைத்து வளர்த்திருக்கும் இந்த ஸ்கூடாய் வீடு போய்விடும். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்பது வாடகைக்கு இருக்கும் வரைக்கும்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தக் காகிதக் கட்டை நான் ஏன் எடுத்து உள்ளே வைத்துவிடவில்லை என்றால், அதற்குக் காரணம் 2020.

அந்த ஆண்டு மார்ச் 16 இரவு, கொரோனா பரவலால் 18-ஆம் தேதி முதல் எல்லை மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. 17-ஆம் தேதி மாலை நான் ஒரு பையில் மூன்று சீருடைகளும் மகளின் சிறு போர்வை ஒன்றும் எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் கட்டிய மூட்டைகள், சிலவற்றில் சோறாக்கும் குக்கர்கள். இரண்டு வாரம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மகளுக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. தாய்ப்பாலை அன்றோடு நிறுத்தினேன். ஆறு தாதியர் ஒரே வீட்டில் தங்கினோம். இடையில் விடுப்பில் போய்வரும் ஏற்பாடு ஒன்று வந்தாலும், இரு பக்கத் தனிமைப்படுத்தலையும் சேர்த்து அத்தனை நாள் விடுப்பு அந்தக் காலத்தில் எந்த வார்டிலும் கிடைக்கவில்லை. 2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்கான தரைவழிப் பயணத் தடம் திறந்து, அதற்கடுத்த வாரம் எனக்கு இடம் கிடைத்தது. வீட்டு வாசலில் இறங்கியபோது மகள் என் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கைப்பேசியில் என்னை நாள்தோறும் பார்த்தவள்தான். கைப்பேசியில் இருக்கும் அம்மா வாசலில் நிற்க முடியும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அன்றிரவு பாட்டியிடம்தான் படுத்தாள். நான்காம் நாள்தான் என்னிடம் வந்தாள்.

குடும்பம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கிருந்துதான் பிடித்தது. எஸ் பாஸில் இருந்துகொண்டு அவர்களை அழைத்துக்கொள்ள வழியில்லை, ஏனெனில் குடும்பத்தினருக்கான அனுமதி கேட்க மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். ஆகவே எனக்கு இருந்த ஒரே வாசல் நிரந்தரவாசம்.

அதற்கு அடுத்த காரணம் மகன். அவன் கணக்கில் கெட்டிக்காரன் என்பதை ஆசிரியர் வீட்டுப் பெருமையாகச் சொல்லவில்லை, அவனுடைய வகுப்பாசிரியர் சொல்கிறார். பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்து இவன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, தொண்ணூறு விழுக்காட்டு இடங்கள் பூமிபுத்திரா (மலாய்க்கார, பூர்வகுடி) மாணவர்களுக்கு என்ற ஒதுக்கீட்டின் மிச்சத்தில் நின்று காத்திருப்பான். ஒவ்வோர் ஆண்டும் நல்ல தேர்ச்சி பெற்று இடம் கிடைக்காத பிள்ளைகளின் கதைகள் நாளிதழில் வருகின்றன. ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஓர் அரசியல்வாதி கூடுதல் இடங்களை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மகனின் படிப்பு அடுத்தவர் கருணையில் தொங்கக் கூடாது என்று நினைப்பது பேராசையா என்று தெரியவில்லை.

ஆனால் சிங்கப்பூரில் அவனுக்குக் காத்திருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னுடன் நிரந்தரவாசியாகும் மகன் பதினெட்டு வயதில் இரண்டு ஆண்டுகள் முழுநேரத் தேசிய சேவை செய்ய வேண்டும். செய்யாமல் தகுதியைத் துறந்துவிட்டுப் போனால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ கேட்கும்போது அது அவனுக்கு எதிராகவே எண்ணப்படும். எனக்கு அந்தச் சேவையின் மேல் குறையில்லை. என்னோடு வேலை செய்யும் சிங்கப்பூர்த் தோழிகள் தங்கள் மகன்கள் அங்கிருந்து பொறுப்பு கற்று வந்ததாகவே சொல்கிறார்கள். என் தயக்கம் வேறு. மலேசியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. ஆகவே, எந்த நாட்டின் குடிமகனாக இருக்கப் போகிறான் என்று தானே முடிவு செய்யும் வயதுக்கு முன்பாகவே, ஒரு நாட்டின் சீருடையை அணிவதற்கான கையெழுத்தை அவனுக்காக நான் போடுகிறேன். விண்ணப்பத்தில் அவன் பெயரைச் சேர்ப்பது என்பதன் முழுப்பொருள் இதுதான்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. பணத்தாளிலும் ரயில் நிலையத்திலும் தமிழ் இருக்கிறது. இங்கே அந்த மதிப்பு கிடையாது. ஆனால் என் மகன் பின்னக் கணக்கைத் தமிழில் போடுகிறான், ஒளிச்சேர்க்கையைத் தமிழில் படிக்கிறான். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே, மற்றவை எல்லாம் ஆங்கிலம். சுவரில் தமிழ் வேண்டுமா, வாயில் தமிழ் வேண்டுமா என்று கணவர் கேட்டார். சற்றுக் கோணலான கேள்விதான், ஏனெனில் அங்கும் நல்ல தமிழ் பேசும் பிள்ளைகளை நான் அறிவேன். தைப்பூசம் ஜோகூரில் விடுமுறை. சிங்கப்பூரில் 1968-க்குப் பிறகு விடுமுறை இல்லை. ஆண்டுக்கு ஒரு நாள்தானே என்று தோன்றும், அந்த ஒரு நாளுக்கு வார்டில் எத்தனை பேரோடு விடுப்புக்காகப் பேரம் பேச வேண்டும் என்பது தெரியாதவர்களுக்கு.

"ஆர்டிஎஸ் வரட்டும், பொறு" என்று சொல்வோர் நிறைய. இரு நாட்டுக்கும் இடையே கட்டப்படும் ரயில் பாதை அது: ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர், புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும். 2026 இறுதிக்குள் ஓடத் தொடங்கும் என்கிறார்கள். வந்தால் என் முழங்காலுக்கு விடுதலை. ஆனால் 2020-இல் அந்த ரயில் இருந்திருந்தாலும் அதுவும் மார்ச் 18 அன்று நின்றிருக்கும்.

இந்தக் கணக்குகளை எல்லாம் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, ஒருநாள் தன் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து காகிதக் கட்டின் மேல் வைத்தார். உள்ளே என் பாட்டியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், அடையாள அட்டை. சிவப்பு ஐசி.

மலேசியாவில் குடிமக்களுக்கு நீல அட்டை. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. பாட்டி மூன்று வயதில் சேலம் பக்கத்திலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்து, கூலாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே பால் வெட்டியவர். குடியுரிமை கேட்டு இரண்டு முறை மனு எழுதிப் போட்டார். மலாய்மொழித் தேர்வில் ஒருமுறை தோற்றார். மற்றொரு மனுவுக்குப் பதிலே வரவில்லை. அம்மா மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) மறு ஆண்டு, 1958-இல், தோட்டத்து மருந்தகத்தில் பிறந்ததால், சட்டப்படி பிறப்பிலேயே குடிமகளானார். ஒரே லயத்து வீட்டில் மகளுக்கு நீலம், தாய்க்குச் சிவப்பு. தேர்தல் நாளில் பாட்டி எங்கள் எல்லோருக்கும் காலைப் பசியாறை செய்து வைத்து, வாசலில் உட்கார்ந்து வழியனுப்புவார். 2009-இல் காலமாகும் வரை ஒரு வாக்குகூடப் போட்டதில்லை.

அம்மா எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "அங்கே உனக்கு என்ன நிறம் தருவார்கள்?" என்று மட்டும் கேட்டார். நிரந்தரவாசிக்கு நீலம், குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு என்றேன். "நீலமா" என்று சொல்லிச் சற்று நேரம் சிரித்தார். இங்கே பாட்டிக்குக் கிடைக்காத நிறம், அங்கே பாட்டியின் இடத்தில் இருப்பவர்களுக்குத் தரப்படுகிறது என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கும் பாட்டிக்கும் ஒப்புமை அத்தனை சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாட்டிக்கு வேறு நாடு இருக்கவில்லை, எனக்கு இருக்கிறது. பாட்டியை யாரும் கேட்காமல் கப்பலேற்றினார்கள். நான் கணக்குப் போட்டுவிட்டுப் போகிறேன். ஆனாலும் நிரந்தரவாசம் என்ற சொல்லில் இருக்கும் "நிரந்தரம்" எவ்வளவு என்பதை அந்த உறையைப் பார்த்த பிறகு என்னால் வேறு விதமாகப் படிக்க முடியவில்லை. வெளியே போய்த் திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதியை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டிய நிரந்தரம் அது. பாட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த அந்த நிலையில் என்னை நானே வைத்துக்கொள்ளலாம், அதற்கான காரணங்கள் எனக்கு உண்டு. பத்து வயது மகனை மூன்று வயதுப் பாட்டியைப் போலக் கப்பலேற்றுவதற்குத்தான் எனக்குக் காரணம் போதவில்லை.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். விண்ணப்பத்தில் என் பெயர் மட்டும். கிடைத்தால், பதினொரு ஆண்டுகளாக அந்த நாட்டில் உழைத்தும் எஸ் பாஸ்காரர்களுக்குச் சேமநிதி கிடையாது என்பதால் நான் சேர்க்காமல் போன முதுமைக்கால நிதி இனியாவது சேரத் தொடங்கும். வேலை அனுமதியின் புதுப்பிப்புக்கு அஞ்சி நிற்க வேண்டியதில்லை. குடும்பம் ஸ்கூடாயில்தான் இருக்கும். பாலத்தை நான் தொடர்ந்து கடப்பேன். இது இரண்டு பக்கத்துக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்க்கும் முடிவு என்று என் தோழி ஒருத்தி கடிந்துகொண்டாள். முழுக் குடும்பமாக வருகிறவர்களையே அவர்கள் விரும்புவார்கள், தனியாக விண்ணப்பித்தால் கிடைக்காமலும் போகலாம் என்றாள். போகட்டும். எல்லை மறுபடி மூடினால் என்ன செய்வாய் என்றும் கேட்டாள். அதற்கு எங்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: மூடும் என்று தெரிந்தால், நான் இந்தப் பக்கத்தில் இருப்பேன். சம்பளம் போனாலும் சரி. அதைக் கணவரிடம் வாய்விட்டே சொல்லியாகிவிட்டது.

மகன் 2027-இல் ஆறாம் ஆண்டை முடிக்கிறான். அப்போது அவனையும் உட்காரவைத்துக் கணக்கை மறுபடி போடுவோம். மின்கட்டண ரசீதின் பின்புறத்தில், அந்த 520 வெள்ளிக்குக் கீழே, கணவர் அந்த ஆண்டை எழுதிக் கோடிட்டிருக்கிறார். பாட்டியின் உறையை அம்மா அலமாரிக்குத் திரும்ப எடுத்துச் சென்றுவிட்டார். மகனின் பிறப்புச் சான்றிதழையும் அதன் மொழிபெயர்ப்பையும் நேற்றிரவு கட்டிலிருந்து உருவி எடுத்தேன்; மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த அறுபது ரிங்கிட் வீண்தான்.